பெரியம்மாவின் நினைவு மலர் அடித்த அச்சகம்: 5க்கு 4

கல்யாணக் கார்ட் அடித்தவர்கள் அந்தக் கடையைப் பற்றி எழுதுவார்கள். பிறந்தநாள் கேக் வாங்கியவர்கள் நாலு படத்தோடு எழுதுவார்கள். நினைவு மலர் அடித்தவர்கள் மட்டும் காசைக் கட்டிவிட்டுப் பேசாமல் போய்விடுகிறோம். அதனால் அடுத்த சாவு வீட்டுக்காரர் எங்கே போவது, எத்தனை பக்கம், எவ்வளவு முடியும், என்ன கேட்க வேண்டும் என்று ஒன்றும் தெரியாமல், தூக்கம் இல்லாத கண்ணோடு முதலில் கண்ட கடைக்குள் நுழைகிறார். நானும் அப்படித்தான் நுழைந்தேன். நல்ல காலம், கடை நல்ல கடையாக அமைந்துவிட்டது.

பெயரைப் போடவில்லை. எழுதப் போகிறேன் என்று முதலாளி ஐயாவிடம் சொன்னபோது, "நல்லத எழுதினா ஆக்கள் கூடிருவாங்க, செய்து குடுக்க ஏலாது. கெட்டத எழுதினா வரமாட்டாங்க. ரெண்டும் வேணாம் தம்பி" என்றார். மட்டக்களப்பு டவுனுக்குள், பஸ் நிலையத்தில் இருந்து நடந்து போகும் தூரம்தான். தேவைப்படுகிறவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள்.

போன ஓகஸ்டில் எங்கள் பெரியம்மா காலமானார். அம்மாவின் மூத்த அக்கா. 1951இல் பிறந்தவர். கல்லடியில் வீடு, பின்னால் ஒரு சின்னக் காணி, அதில் தோட்டம், ஆடு, கோழி, கணக்கில்லாத பூனைகள், டெனர் என்று ஒரு நாய். சனிக்கிழமை பின்னேரம் பாலத்தால் நடந்து புளியந்தீவுக் கோவிலுக்குப் போய்ப் பாடகர் குழாமில் அல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுவார். 13 வயதில் சேர்ந்தவர், கடைசி வரைக்கும் விடவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியக்கா கல்லடியில், அண்ணன் கனடாவில். என்னையும் என் தங்கையையும் சேர்த்தால் நாலு, ஏனென்றால் அம்மா வேலைக்குப் போன காலம் முழுக்க நாங்கள் அங்கேதான் வளர்ந்தோம்.

31ஆம் நாள் நினைவுத் திருப்பலிக்கு ஒரு மலர் அடிப்பது என்று முடிவானதும், எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. எப்படி எழுதுவது என்று தெரியாதவன் என்ன செய்வான், வீட்டில் இருந்த பழைய நினைவு மலர்கள் மூன்றை எடுத்து வைத்துப் பார்த்து எழுதினேன். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் சிரேஷ்ட புதல்வியும், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் அன்பு மாமியாரும், இன்னார் இன்னாரின் ஆசை அம்மம்மாவும் ஆவார். ஒரு முழுப் பக்கம் வந்தது. எனக்கே திருப்தி. ஒருவரும் விடுபடவில்லை, அதுதானே முக்கியம், விடுபட்டால் பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தது ஒரு தங்கச்சி, 25 வயது இருக்கும். நான் கொடுத்த தாளை வாசித்தார். திரும்ப வாசித்தார். "அண்ணா, இதுல எல்லாரும் இருக்காங்க. அவங்க என்ன செய்தாங்க?" என்றார்.

நான் கொஞ்சம் கோபப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாரம் யார் என்ன கேட்டாலும் கோபம் வந்தது. குடும்பத்தைப் பார்த்தா, தோட்டம் செய்தா, ஆடு கோழி வளர்த்தா, கோவிலில் பாடினா என்று பட்டென்று சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தார், பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "அப்ப இத எங்க போடுற? மாமியாருக்கு மேலயா, கீழயா?"

அங்கேதான் இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் நாலு நட்சத்திரத்தில் இரண்டு கிடைத்துவிட்டது. மற்றக் கடைகளில் என்ன நடக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும், அப்பாவுக்கு அடித்தபோது பார்த்தேன். ஒரு பைலைத் தூக்கிப் போடுவார்கள். அதில் கவிதைகளுக்கு நம்பர் போட்டிருக்கும். "அம்மாவுக்கெண்டா 7, 12, 15 நல்லாப் போகும்" என்பார்கள். அப்பாவின் மலரில் வந்த அதே கவிதை ஒரு மாதம் கழித்து இன்னொருவர் வீட்டு மலரில் தாத்தாவுக்கு வந்திருந்தது. இந்தக் கடையிலும் அந்தப் பைல் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது, மேசைக்குக் கீழே கண்டேன். ஆனால் கேட்டால்தான் எடுக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பக்கக் கணக்கு நாலின் மடங்காகத்தான் வரும். ஏ4 தாளை நடுவில் மடித்துக் கம்பிப் பின் அடிப்பதால் ஒரு தாளுக்கு நாலு பக்கம். நான் 18 பக்கத்துக்கு விசயம் சேர்த்துக்கொண்டு போய் நின்றேன், 16 ஆகக் குறை அல்லது 20 ஆகக் கூட்டு என்றார்கள். 20 என்று முடிவு செய்தோம். அட்டை கலர், நடு நாலு பக்கம் கலர், மிச்சம் கறுப்பு வெள்ளை. நடுத்தாள் கலராக இருந்தால் அந்த ஒரு தாளை மட்டும் கலரில் ஓட்டினால் போதும், அங்கொன்று இங்கொன்றாகக் கலர்ப் படம் வைத்தால் தாளுக்குத் தாள் காசு கூடும். இதை ஐயாவே சொல்லித் தந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத்தான் லாபம்.

150 பிரதி, ஒன்று 380 ரூபா, மொத்தம் 57,000. பாதி முன்பணம். இந்த அளவு பிரதிக்கு டிஜிட்டல் பிரிண்ட்தான் சரி, ஓஃப்செட் என்றால் தகடு எடுக்கும் செலவு எத்தனை பிரதி அடித்தாலும் ஒன்றுதான், அதனால் ஆயிரக்கணக்கில் அடிக்கிறவர்களுக்குத்தான் கட்டும். அட்டைக்கு மேட் லேமினேஷன் எடுங்கள். பளபளவென்று இருக்கும் மற்றது கோவில் லைட்டில் கண்ணைக் குத்தும், முகம் தெரியாது.

படங்கள்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. பெரியம்மாவின் அல்பங்கள் எல்லாம் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயின. முதல் நாள்தான் நத்தார். பாட்டுப் பாடிக் களைத்து வந்தவர் மறுநாள் வெள்ளென எழும்பாமல் படுத்திருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பெரியக்கா இன்றைக்கும் சொல்வார். ஆட்டுக்குக் குழை வெட்ட டவுன் பக்கம் இருந்த சொந்தக்காரர் காணிக்குப் போனதால் தப்பினார். வீட்டில் சுவர் இரண்டு மிஞ்சியது. தோட்டத்தில் தென்னை மட்டும் நின்றது, மற்றதெல்லாம் உப்பில் கருகியது. கிணற்றை இறைத்து இறைத்து ஊற்றியும் தண்ணீர் உவர்ப்பாகவே வந்தது. அதற்கு முன் 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னையும் போனது, அப்போது கல்யாணம் முடித்துப் புதிதாகப் போட்ட முதல் தோட்டம். ஒருமுறை காற்று, ஒருமுறை கடல். மூன்றாம் தோட்டத்தைத்தான் நாங்கள் இப்போது பார்க்கிறோம். கல்லடி மணலில் ஒன்றும் தங்காது, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் ஊற்றிய தண்ணீருக்குப் பின்னேரம் அடையாளம் இருக்காது. ஆட்டுப் புழுக்கை, தும்புத்தூள், மீன் கழுவிய தண்ணீர், சருகு என்று வருசக்கணக்காகக் கொட்டிக் கொட்டி மண்ணைக் கறுப்பாக்கி வைத்திருந்தார். செவ்வரத்தை, பப்பாசி, முருங்கை, கிணற்றடியில் வல்லாரை. ஒரு பூவை ஒடிக்கக் கேட்டால் தருவார், கேட்காமல் ஒடித்தால் அன்றைக்குப் பூசைதான்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தத் தங்கச்சி "மூன்று முறை தோட்டம் போட்டவர்" என்று தட்டினார். நான் சொன்ன சொல் அல்ல, அவர் போட்டது. இப்போது முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே அதுதான் இருக்கிறது. மகளும் மனைவியும் தாயாரும் மூன்றாம் பக்கத்துக்குப் போனார்கள்.

அல்பம் இல்லாததால் சொந்தக்காரரிடம் கேட்டுக் கேட்டுப் படம் சேர்த்தோம். இங்கே ஒரு அறிவுரை: வட்ஸ்அப்பில் போட்டோவை அப்படியே அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், போனில் அழகாக இருக்கும், தாளில் அடித்தால் புள்ளி புள்ளியாக வரும். டொக்கியூமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கனடா அண்ணனுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு நாள் போனது. கடதாசியில் அடித்த பழைய படங்கள் என்றால் கடைக்கே கொண்டு போங்கள், அவர்களிடம் நல்ல ஸ்கேனர் இருக்கிறது.

தனியாக எடுத்த படம் என்று பார்த்தால் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் பெரியம்மா பொலிஸ் பிடித்து வைத்த ஆள் மாதிரி இருப்பார். மற்றது குழாமோடு எடுத்த படம், வெள்ளைச் சேலை, இரண்டாம் வரிசை, வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. அதுதான் முகம். ஆனால் நினைவு மலர் அட்டைக்கு வாய் திறந்த படமா என்று வீட்டில் பெரிய பிரச்சினை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு இரவில் 140 செய்தி. மாமா ஒருவர், ஆக்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார். அல்டோ பாடுகிறா என்று நினைப்பார்கள் என்று பெரியக்கா பதில் போட்டார். அதோடு குழு அடங்கியது.

இங்கேதான் கடையின் முதல் பிழை. படத்தைத் தெளிவாக்கச் சொல்லிக் கொடுத்தோம். அங்கே இன்னொரு பொடியன் இருக்கிறான், அவன் ஏதோ செயலியில் போட்டு எடுத்துக் கொண்டு வந்தான். பார்த்தால் யாரோ ஒரு பெண். தோல் மெழுகு மாதிரி. கன்னத்து மச்சம் இல்லை. முன்பல்லில் இருந்த இடைவெளியை அடைத்து, வரிசையாகப் பல் கட்டி வைத்திருக்கிறது. "இளமையா வந்திருக்கு என்ன?" என்றான் பெருமையாக. பெரியக்கா அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டார். அவனும் பாவம், பயந்துபோனான். பிறகு பழைய முறைப்படி வெளிச்சத்தையும் கீறலையும் மட்டும் சரிசெய்து தந்தார்கள், அதற்கு 1,500 தனியாக எடுத்தார்கள். அவர்களுடைய பிழைக்கும் சேர்த்து எடுத்த மாதிரி எனக்குப் பட்டது, கேட்கவில்லை. நீங்கள் போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், முகத்தில் கை வைக்காதே என்று.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வினோதம் உண்டு. கோவில் பாட்டுகள் எங்கள் எல்லாருக்கும் பிழையான மெட்டில்தான் தெரியும். பெரியம்மா விடிய நாலரைக்கு எழும்பி, குறுணல் சோற்றோடு மீன் தலை போட்டு நாய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒத்திகை பார்ப்பார். பார்ப்பது அல்டோ வரியை மட்டும். மேலே போகும் மெட்டை சோப்ரானோக்காரர்கள் பாடுவார்கள், அது அவர் பிரச்சினை இல்லை. அதனால் நாங்கள் சின்ன வயதில் இருந்து கேட்டதெல்லாம் அந்த இரண்டாம் குரல், ஒரே சுரத்தில் நின்று நின்று கொஞ்சம் இறங்கித் திரும்பவும் ஏறுகிற அந்த வரி. எனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் அப்படியே பாடினேன், டீச்சர் நிறுத்திவிட்டு, "நீ பாடுறது என்ன பாட்டு மனே?" என்று கேட்டார். தெருவால் பாண் விற்றுக்கொண்டு போகிற சூன் பாண் ஓட்டோவின் பேத்தோவன் மெட்டுக்குக் கூட பெரியம்மா இரண்டாம் குரல் போடுவார், போட்டுக்கொண்டே போய்ப் பாண் வாங்குவார். டெனர் என்றால் குழாமில் ஆண்களின் உயர்ந்த குரல், நாய்க்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான், ஒத்திகை தொடங்கினால் அவன் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு தொடங்குவான்.

மலரின் நடுப்பக்கத்தில் அவருக்குப் பிடித்த ஒரு பாட்டின் அல்டோ வரியைச் சொல்ஃபாவில் போட வேண்டும் என்று குழாமில் கேட்டார்கள். டோ, ரே, மீ என்பதைச் சின்ன ஆங்கில எழுத்துகளால் எழுதி, இடையில் புள்ளியும் கோடும் போடும் முறை, குழாமில் பழைய ஆட்கள் எல்லாரும் அதில்தான் படிப்பார்கள். நான் அழகாகத் தட்டச்சு செய்து கொண்டு போனேன். கடையின் முதல் புரூவ், பிழை பார்க்கத் தரும் பிரதி, வந்தது. நடுப்பக்கத்தில் "ன ச அ அ ச ன" என்று ஒரு முழுப் பக்கம்.

தமிழ் அச்சு வேலையோடு பழகியவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். பாமினி. எங்கள் ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. அதில் ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கிறது, கொம்பியூட்டர் அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே டோவுக்கு போட்ட எழுத்து ன ஆகிறது, ரே ச ஆகிறது, மீ அ ஆகிறது. ஃபா க, சோ ள, லா ட, டீ வ. கனடா அண்ணன் யூனிகோடில் எழுதி அனுப்பிய இரங்கல் உரைக்கும் மாற்றும்போது சில இடங்களில் கால் கை முறிந்திருந்தது. போனில் தமிழ் எழுதி அனுப்புகிறவர்கள் கவனம், அடித்து வந்ததை ஒரு வரி விடாமல் திரும்ப வாசியுங்கள். எங்களுக்கு அட்டையில் 1951 என்பது 1915 ஆகி வந்திருந்தது, இதற்குப் பாமினியைக் குறை சொல்ல முடியாது, கைப்பிழை. வீட்டார் ஆறு பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர்தான் பிடித்தார். வீட்டாருக்கு விசயம் தெரியும், அதனால் கண் எழுத்தைப் பார்க்காது. வெளி ஆள் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சொல்ஃபாவை எழுத்துரு மாற்றிச் சரிசெய்ய அந்தத் தங்கச்சி அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினார். எழுத்து சரியாக வந்தால் புள்ளியும் கோடும் இடம் மாறின. பிறகு கேட்டார், "அவங்கட கையெழுத்தில ஒண்டும் இல்லயா அண்ணா?"

இருந்தது. இரண்டு சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்டது. பழையது கோவில் ஆர்மோனியப் பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் கடலுக்குத் தப்பியது. அதன் முதல் பக்கங்களில் லத்தீன் பாட்டு, தமிழ் எழுத்தில், "அஞ்ஞுஸ் தேயி" என்று சின்னப் பிள்ளைக் கையெழுத்து. பூசை தமிழுக்கு மாறும் முன் சேர்ந்தவர் அல்லவா. அறுபதுகளின் நடுவில் பூசையில் தமிழ் வந்தது, கொப்பியிலும் நாலு பக்கம் தள்ளித் தமிழ் வருகிறது. மற்றது சுனாமிக்குப் பிறகு வாங்கியது, கடைசி வரை எழுதியது. மறுநாள் அந்த இரண்டாம் கொப்பியைக் கொண்டு போனேன். 14ஆம் நாள் அது, நன்றாக நினைவிருக்கிறது.

நான் அந்தக் கொப்பியை அதற்கு முன் திறந்து பார்த்ததில்லை. பாட்டுக் கொப்பி என்று மட்டும்தான் தெரியும். தங்கச்சி பக்கம் புரட்டினார். சொல்ஃபா வரி, மூச்சு எடுக்கும் இடத்துக்குச் சிவப்பு மையில் ஒரு கொக்கி, "இங்கே கத்தாதே" என்று தனக்குத் தானே ஒரு குறிப்பு. ஓரத்தில் வேறொரு கணக்கு. "வெள்ளைக் கோழி 12 முட்டை", திகதி. "சின்ன ஆடு, கிடாய் 1 மறி 1". "பப்பாசி மூன்றும் ஆண், வெட்ட வேண்டும்". "மகனுக்கு விசா வந்தது, தேவனுக்கு நன்றி", அதற்குக் கீழே திரும்பவும் கோழி. இருபது வருசம், ஒரு பக்கத்தில் நடுவில் அல்டோ, ஓரத்தில் நாங்கள் எல்லாரும். என்னுடைய சாதாரண தரப் பெறுபேறு ஒரு கரோலின் இரண்டாம் பத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது, கணக்குக்கு சீ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

கடைசியாக எழுதிய பக்கம், செப்டெம்பரில் வரும் ஆயித்தியமலைத் திருவிழாவுக்குக் குழாம் படித்துக்கொண்டிருந்த பாட்டு. பாதி வரி. ஓரத்தில் "கறுத்தக் கோழி 11 முட்டை", போவதற்கு மூன்று நாள் முந்திய திகதி.

"இதத்தான் நடுப்பக்கத்துக்குப் போடணும், ரெண்டு பக்கத்தையும் சேர்த்து விரிச்சு" என்றார் தங்கச்சி. நான் சரி என்றேன், பேச முடியவில்லை. அவர் ஸ்கேனரில் கொப்பியை வைத்து மூடியை அழுத்திக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். "அண்ணா, அடை வச்சா 21 நாள். இன்னும் நாலு நாள் கிடக்கு. கோழிய ஆர் பாக்குறீங்க?"

ஒருவரும் பார்க்கவில்லை. கறுத்தக் கோழியைக் காணவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், கீரி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம், செத்த வீட்டில் யார் கோழி எண்ணுவது. கடையில் இருந்தே பெரியக்காவுக்குப் போன் எடுத்தேன். விறகுக் கொட்டிலுக்குள், தென்னோலைக்குப் பின்னால், ஓட்டைப் பேசினில் வைக்கோல் போட்டு அதன் மேல் இருந்ததாம். கிட்டப் போன பெரியக்காவின் கையைக் கொத்திப் போட்டதாம்.

மிச்சக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், நல்லதை மட்டும் எழுதினால் ஐயாவின் சொந்தக்காரன் என்பீர்கள். 28ஆம் நாள் தருவதாகச் சொன்னார்கள். 28 அன்று போனால் மெசின் பழுது, 29 அன்று கரண்ட் இல்லை, 30ஆம் நாள் இரவு ஏழரைக்குத்தான் பெட்டி கைக்கு வந்தது. மறுநாள் காலை ஆறரைக்குப் பூசை. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிடவில்லை என்றால் மிகையில்லை. நீங்கள் போனால் 31ஆம் நாளுக்கு என்று சொல்லாதீர்கள், 25ஆம் நாளுக்கு என்று பொய் சொல்லுங்கள். பின் அடித்த வேலை சுத்தமில்லை, சில பிரதிகளில் கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டு விரலைக் கீறியது. 150இல் ஒன்பது பிரதியில் நடுத்தாள் தலைகீழ். பெட்டியை வாங்கிய இடத்திலேயே எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள், நாங்கள் பூசைக்குப் பிறகுதான் கண்டோம்.

ஆனால் தாளும் லேமினேஷனும் முதல் தரம். இதற்குச் சாட்சி எங்கள் ஆடு. விறாந்தையில் வைத்திருந்த பெட்டிக்குள் தலையை விட்டு இரண்டு பிரதி எடுத்துத் தின்றது. உள்தாள் முழுக்கப் போய்விட்டது, அட்டையை மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது, துடைத்தால் பெரியம்மாவின் முகம் அப்படியே இருக்கிறது. பெரியம்மா இருந்திருந்தால் ஆட்டை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், பெட்டியைக் கீழே வைத்த எனக்குத்தான் விழுந்திருக்கும்.

பின்னட்டையைப் பற்றியும் ஒரு சொல். மட்டக்களப்பில் எதை அடித்தாலும் பின்னால் கல்லடிப் பாலத்தைப் போடுகிறார்கள், மீன் பாடும் தேன் நாடு என்று கீழே ஒரு வரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். பிறகு பார்த்தால் அது பழைய பாலத்தின் படம். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகும் பெரியம்மா ஒத்திகைக்குப் பழைய பாலத்தால்தான் நடந்தார். பாலத்தடியில் மீன் பாடும் என்பார்களே, நின்று அதைக் கேட்டதுண்டா என்று ஒருமுறை கேட்டேன். "ஆறு மணிக்கு ப்ராக்டிஸ் மனே, மீனக் கேக்க எங்க நேரம்" என்றார். படம் இருக்கட்டும், அந்த வரியை மட்டும் எடுங்கள் என்றேன். எடுத்தார்கள்.

பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடந்தபோது, குழாமில் இருந்து வந்த அன்ரிமார் நாலு பேர் நடுப்பக்கத்தைத் திறந்து வைத்து, கறி ஆறுவதைக் கூடப் பார்க்காமல், அந்தப் பாதி வரியை மெதுவாகப் பாடிப் பார்த்தார்கள். முற்றத்தில் நின்ற என் சித்தப்பா, பெரியக்கா, நான், என் தங்கை எல்லாரும் கேட்காமலே சேர்ந்துகொண்டோம். முதல் தடவையாக நாங்கள் பாடியது பிழையில்லை. டெனரும் வந்தான்.

பிரதி போதவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களும் ஆயித்தியமலையில் சந்தித்தவர்களும் கேட்டார்கள், இன்னும் 40 அடிக்கக் கொடுத்தேன். ஒன்று 400 ரூபா, எண்ணிக்கை குறைந்தால் விலை கூடும், நியாயம்தான். தலைகீழான ஒன்பதுக்கும் பதில் காசில்லாமல் தந்தார்கள், ஆடு தின்ற இரண்டுக்கும் கேட்டுப் பார்த்தேன், ஐயா சிரித்தார், தரவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் தங்கச்சி கேட்டது மலரைப் பற்றி அல்ல. "கோழி என்னாச்சு அண்ணா?"

ஒன்பது என்றேன். 11 முட்டையில் ஒன்பது பொரித்தது, இரண்டு கூழ். பெரியக்கா கொப்பியில், பெரியம்மா எழுதிய திகதிக்குப் பக்கத்தில், பென்சிலால் 9 என்று போட்டுவிட்டார். அதைச் சொன்னதும் அவர் கொப்பியைத் தாருங்கள் என்று வாங்கி அந்தப் பக்கத்தைத் திரும்பவும் ஸ்கேன் பண்ணினார். இரண்டாம் முறை அடித்த 40 பிரதியிலும் அந்த 9 இருக்கிறது. அதற்குத் தனிக் காசு எடுக்கவில்லை.